முட்டு வைக்காத டிப்பர்

1. ஒயில் தாங்கும் பாரம்

ஹைட்ரோலிக் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது டிப்பர் லொறியைத்தான். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கும் என்று தெரியாது. கைக்குத் தெரிந்த மாதிரிச் சொல்கிறேன்.

டாங்கியில் ஒயில் இருக்கும். என்ஜின் ஓடும்போது பம்ப் அதை இழுத்து வால்வுக்குத் தள்ளும். ஒயில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை வால்வ் தீர்மானிக்கும். லீவரைத் தூக்கினால் ஒயில் ராமுக்குப் போகும். ராம் என்பது பெட்டிக்குக் கீழே இருக்கிற பெரிய சிலிண்டர். ஒயில் உள்ளே போகப் போக அதன் தண்டு வெளியே வந்து பெட்டியை உயர்த்தும். லீவரை இறக்கினால் அதே ஒயில் டாங்கிக்குத் திரும்பும், பெட்டி கீழே வரும். பாரம் அளவுக்கு மேல் போய்விட்டால் ரிலீஃப் வால்வ் திறந்து ஒயிலை டாங்கிக்கு விட்டுவிடும். பைப் வெடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு.

லீவர் நடுவில் நின்றால் ராமுக்குள் போன ஒயிலுக்கு வெளியே வர வழி இல்லை. காற்றைப் போல ஒயிலை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால் பெட்டி அப்படியே மேலே நிற்கும். பார்க்கிறவனுக்கு மலை மாதிரித் தெரியும். ஆனால் அது நிற்பது இரும்பின் மேல் அல்ல, அடைபட்ட ஒயிலின் மேல். எங்கேயாவது ஒரு நட்டைத் தளர்த்தினால் ஒயிலுக்கு வழி கிடைத்துவிடும். அப்புறம் கத்தக்கூட நேரம் இராது.

ஆகவே தூக்கின பெட்டிக்கும் லொறியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் நடுவில் இரும்பு முட்டு ஒன்றை நிறுத்தாமல் யாரும் கை வைக்கக் கூடாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவன் செய்த காரியத்தைத்தான் எழுதுகிறேன்.

2. என் பயமும் நானாவின் நம்பிக்கையும்

சண்டைக் காலம். கொழும்பில் கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு கராஜில் வேலை செய்தேன். முதலாளி யாழ்ப்பாணத்தவர், வெள்ளவத்தையில் வீடு. என்னோடு வேலை செய்தவர் மாளிகாவத்தை நிசாம் நானா, என்னை விட இரண்டு மூன்று வயது மூத்தவர், அதனால் நானா, அண்ணன் என்ற முறை. நான் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அடையாள அட்டையில் இன்னும் தோட்டத்து விலாசம்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறையில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

எனக்குப் பிறவியிலேயே பயம். வீட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். அட்டை பையில் இருக்கிறதா என்று சந்திக்குச் சந்தி தடவிப் பார்ப்பேன். முட்டு வைத்தாலும் குனிந்து பார்ப்பேன், எழும்பி வந்து திரும்பவும் குனிந்து பார்ப்பேன்.

நிசாம் நானா சிரிப்பார். "டேய் செல்வம், ஒன்ட பொஞ்சாதி ராவைக்குத் தூங்குறாளா, இல்லாட்டி அவளுக்கும் முட்டு வெச்சிட்டா படுக்கிற?"

"சிரிங்க நானா, சிரிங்க. ஒரு நாளைக்கு விழுந்தா தெரியும்."

"நீ ஈக்கிற எடத்துல என்னத்துக்கு விழுது? நீ வெச்ச முட்டுண்டா நான் குனிஞ்சும் பாக்கிறல்ல."

அது அவர் சொன்ன நல்ல வார்த்தை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஒருவன் அதிகமாகப் பயந்தால் பக்கத்தில் இருக்கிறவன் பயப்படுவதை விட்டுவிடுகிறான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

3. வெள்ளிக்கிழமை

மணல் ஏற்றுகிற டிப்பர் ஒன்று வந்திருந்தது. பெட்டி நடுங்கி நடுங்கி ஏறியது, பாரத்தோடு நிறுத்தினால் மெதுவாக இறங்கியது, வெறும் பெட்டி என்றால் நின்றது. வால்வ் தேய்ந்து உள்ளுக்குள்ளேயே ஒயில் கசிந்தது. பஞ்சிகாவத்தையில் வேறு வால்வ் ஒன்று வாங்கியாயிற்று. பழையதைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டும். அது பெட்டிக்குக் கீழே சேசிஸில் இருந்ததால் பெட்டியைத் தூக்கினால்தான் கை போகும்.

முதலாளி பகல் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தைக்குப் புறப்பட்டபோது, "பின்னேரத்துக்குள்ள லொறி போகோணும். அந்தாள் காலமையிலயிருந்து மூண்டு தரம் போன் எடுத்துப்போட்டான்," என்றார்.

நிசாம் நானா கை கழுவி, சாரம் மாற்றி, பள்ளிவாசலுக்குப் போகத் தொப்பியை எடுத்துக்கொண்டார். "நீ தூக்கி முட்டு வெச்சிட்டு சாப்புடு. நான் ஜும்ஆ முடிஞ்சி ஒண்டரைக்கு வந்து கழட்டுறன்."

எல்லாரும் போன பிறகு நான் என்ஜினைப் போட்டுப் பெட்டியை முழுக்கத் தூக்கினேன். லீவரை நடுவில் வைத்து என்ஜினை நிறுத்தி இறங்கினேன். முட்டு சுவரோடு சாத்தியிருந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது வாசல் படலைக்குள் பொலிஸும் ஆமியும் வந்துவிட்டார்கள். அந்தக் கிழமை நகரத்தில் குண்டு ஒன்று வெடித்திருந்தது. தெருத் தெருவாகச் சுற்றிவளைப்பு.

"அத்த உஸ்ஸன்ன!"

கையைத் தூக்கச் சொல்கிறார்கள். என் கையில் நாலடி நீள இரும்பு. "சேர், ஒரு நிமிஷம்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே அதை டிப்பர் பக்கம் நகர்த்தினேன். துவக்கு என் நெஞ்சுக்கு நேரே வந்தது. முட்டைக் கீழே போட்டேன். அட்டையைப் பார்த்தார்கள். தோட்டத்து விலாசம். கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டு அறைக்காரரிடம் கொட்டாஞ்சேனையில். ட்ரக்கில் ஏற்றிவிட்டார்கள்.

4. சுவர் மணிக்கூடு

பொலிஸில், பிடிபட்ட எங்கள் இருபது பேரையும் சுவரோரமாக நிலத்தில் இருத்தினார்கள். எதிரே மேசையில் வயதான சார்ஜன்ட் ஒருவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மணிக்கூடு. பன்னிரண்டு நாற்பது.

ஒன்றரைக்கு நிசாம் நானா வருவார். முட்டு இருக்கிறது என்று நினைப்பார். குனிந்து பார்க்க மாட்டார். நட்டில் ஸ்பனரை வைப்பார்.

சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் மனதுக்குள் அடுக்கினேன். பக்கத்தில் வெள்ளைச் சேர்ட்டு போட்ட யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர். புதுக்கடைக் கோட்டுக்கு வழக்கொன்றுக்காக வந்த இடத்தில் பிடிபட்டவர். அவரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஐயா, சிலிண்டர்ல பிரஷர் இருக்குன்னு இவங்ககிட்ட சொன்னா பிரச்சினை வருமா?"

அவர் திரும்பாமலே சொன்னார். "உமக்கென்ன விசரோ? பிரஷர், சிலிண்டர், வயர், பைப். இந்தச் சொல்லொண்டும் இஞ்ச வாயில வரப்படாது, குண்டெண்டுதான் நினைப்பாங்கள். பற்றரி ரெண்டு வாங்கினதுக்கு என்ர மருமோன் ஏழு மாசம் உள்ளுக்கை."

"கராஜ் வேலைங்க. ஒரு ஆளு உயிர்..."

"உம்மட உயிரைப் பாரும். பேசாமல் இருந்தால் பின்னேரம் விடுவாங்கள்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கைக்குழந்தையை நினைத்தேன். ஏழு மாதத்தை நினைத்தேன். இருந்தேன்.

ஒன்று. ஒன்று பத்து. ஜும்ஆ முடிந்திருக்கும். ஒன்று இருபது. பள்ளியிலிருந்து நடந்து வருவார். வழியில் யாராவது பிடித்துக் கதைக்க வேண்டும் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். ஒன்றரை. முதலில் உடுப்பு மாற்றுவார், அதற்கு ஐந்து நிமிடம் என்று கணக்குப் போட்டேன். ஒன்று நாற்பதுக்கு என் கால் தானாக எழும்பியது.

"வாடிவென்ன!" என்று காவல் நின்ற பொலிஸ்காரன் கத்தினான். நான் உட்காரவில்லை. சார்ஜன்ட் நிமிர்ந்து பார்த்தார். அடுக்கி வைத்த சிங்களம் ஒன்றும் வாயில் வரவில்லை. "டிப்பர்" என்றேன். ஒரு கையை மேலே பிடித்துக் காட்டினேன். மற்றக் கையை அதற்குக் கீழே வைத்தேன். மேல் கையை அடித்து இறக்கினேன். "முட்டு இல்ல. மனுஷன் வருவான்."

சார்ஜன்ட் டெலிபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே நம்பரைக் கேட்டார். அவருடைய அண்ணன் டிப்பர் ஓட்டுகிறவர் என்று பிறகு சொன்னார். சிலிண்டர் என்ற சொல்லும் வேண்டியிருக்கவில்லை, பிரஷர் என்ற சொல்லும் வேண்டியிருக்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மணி அடித்ததும் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

எடுத்தது முதலாளி. "செல்வமோ? எங்கையடாப்பா போனனீ? நிசாமின்ர கை... இப்பதான் வானில ஏத்திக்கொண்டு போறாங்கள். முட்டு வைக்கேல்லையே நீ?"

என் முகத்தைப் பார்த்தே சார்ஜன்ட் விளங்கிக்கொண்டார். ரிசீவரை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அய் கலின் கிவ்வே நெத்தே?"

ஏன் முதலே சொல்லவில்லை என்று.

5. வார்ட்டில்

முதலாளி பதிவுத் துண்டோடு வந்து பின்னேரம் என்னை எடுத்துவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நட்டைத் தளர்த்தியதும் பெட்டி ஒரே அடியாகக் கீழே வந்திருக்கிறது. நிசாம் நானா பக்கவாட்டில் நின்றதால் உயிர் தப்பியது. இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

"என்ட பிழைடா," என்றார். "குனிஞ்சி பாத்தீக்கணும். ஒன்ட வேலைண்டதால பாக்கல்ல."

"பொலிஸ்ல புடிச்சிட்டாங்க நானா. சொல்றதுக்கு நேரமே கெடைக்கல."

"தெரியும். மொதலாளி சொன்ன." என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு அடிச்சாங்களாடா?"

இல்லை என்று தலையாட்டினேன். அதற்கு மேல் இருக்க முடியவில்லை. கொண்டுபோன தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு அவர் மாளிகாவத்தையில் சின்னக் கடை ஒன்று போட்டார். நான் அடிக்கடி போவேன். போனால் பிளேன்டி தருவார், ஒற்றைக் கையால் கலக்கித் தருவார். பதினாறு வருடம் அப்படிப் போய் வந்தேன். ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருந்ததை ஒரு நாளும் சொல்லவில்லை. இப்போது சொல்ல அவர் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். நட்டில் ஸ்பனர் வைக்கும் முன் நீயே குனிந்து பார். முட்டு வைத்தவன் எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும் பார். இதை எல்லாக் கராஜிலும் சொல்வார்கள்.

மற்றது, வேலையைப் பாதியில் விட்டு வர நேர்ந்தால், அதை யாரிடமாவது உடனே சொல். தெரிந்த வார்த்தையில் சொல், வார்த்தை வராவிட்டால் கையால் காட்டு. உன்னை என்ன செய்வார்களோ என்ற கணக்கை அதற்குப் பிறகு போடு. நான் அந்தக் கணக்கை முதலில் போட்டேன்.