சாளைத் தலை தின்ற கோழிகள்

பர்னபாஸ் முதன்முதலாக எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்தபோது கையில் கோழி இல்லை. கோழித்தீவன மூட்டையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டுச் சாக்கு இருந்தது. அதை என் மேசையில் விரித்து, "புரதம் பதினெட்டு சதவீதம்னு போட்டிருக்கான் மேடம். எதுல இருந்து எடுத்த புரதம்னு போடலயே?" என்றார்.

நான் அங்கே பதிவேடு எழுதுகிறவள். பெயர் அருணாசலவடிவு, ஊர் ஆழ்வார்திருநகரி. மாட்டுக்கு ஊசி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து என்று வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. இப்படி ஒரு கேள்வியோடு யாரும் வந்ததில்லை. டாக்டர் முகாமுக்குப் போயிருந்ததால், "நாளைக்கு வாங்க" என்று துரத்திவிட்டேன். மறுநாள் நான் பூட்டைத் திறக்கும் முன்னே படியில் உட்கார்ந்திருந்தார்.

ஆலந்தலைக்காரர். பதினேழு வயதிலிருந்து சங்கு குளித்தவர். நாற்பத்து மூன்றில் காதுச் சவ்வு கிழிந்து, இனிமேல் கடலுக்குள் முங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் முங்குவதை வள்ளத்தில் உட்கார்ந்து பார்க்க மனசில்லாமல், வீட்டுக்குப் பின்னால் பழைய வலையைச் சுற்றிக் கட்டி இருநூறு முட்டைக்கோழி வளர்க்க ஆரம்பித்தார். எதையும் புரட்டிப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை. அவர் மனைவி ஜெமி ஒரு தடவை என்னிடம் நொந்துகொண்டாள்: "கோழி முட்டையிட்டா எடுத்துட்டு வரணும். இவரு, அது ஏன் இந்த மூலைல இட்டுதுன்னு அரை மணி நேரம் நின்னு பாக்காரு."

டாக்டர் அவருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். சோயா, கடலைப் புண்ணாக்கு, அதோடு மீன் கழிவைக் காயவைத்து அரைத்த தூள். சில இடங்களில் இறைச்சிக் கழிவு, எலும்பு, ரத்தம்கூடக் காய்ந்து தூளாகித் தீவனத்தில் சேரும். மீன் கழிவு என்ற சொல்லுக்கு மேல் பர்னபாஸ் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. எழுந்துவிட்டார்.

கரையில் பெண்கள் சாளை மீனை வெட்டி வீசுகிற தலையும் குடலும் அதுவரை நாய்க்கும் காக்காய்க்கும்தான் போய்க்கொண்டிருந்தன. பர்னபாஸ் வாளியோடு போய் நின்றார். அவித்து, மணலில் பாய் விரித்துக் காயவைத்து, அரைத்து, மக்காச்சோளத்தோடும் தவிட்டோடும் கலந்தார். இரண்டு வாரத்தில் முட்டை கூடியது. மூன்றாவது வாரம் எனக்கு முட்டை கொண்டுவந்தார். நான் சைவம் என்று சொன்னதும், தெரியாமல் கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்ட மாதிரி முழித்தார்.

முட்டையில் பெரும்பங்கைக் காயல்பட்டினத்தில் ரஹ்மத்துன்னிஸா என்ற அம்மாள் வாங்கினார். கல்யாண வீடுகளுக்கு வட்டிலப்பம் செய்து கொடுப்பவர். முட்டையைத் தேங்காய்ப்பாலிலும் சர்க்கரையிலும் அடித்து, ஏலக்காய் போட்டு ஆவியில் வேகவைப்பது. அது இல்லாமல் அந்த ஊரில் கல்யாணம் நடக்காது. சாளைத் தலை தின்ற கோழிகளின் முட்டையில் செய்த முதல் வட்டிலப்பம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய், அப்படியே திரும்பி வந்தது.

"மீன் வாடை அடிக்குது பர்னபாஸு" என்று கிண்ணத்தை நீட்டியிருக்கிறார் அந்த அம்மாள். பர்னபாஸ் முகர்ந்தார். ஏலக்காய் வாசனைதான் வந்தது. வாயில் போட்டுப் பார்த்தார். இனிப்பாக இருந்தது. "நல்லாத்தான இருக்கு லாத்தா?" என்று கேட்டுவிட்டார்.

ரஹ்மத்துன்னிஸாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுத்த மாசம் எங்க வீட்டுக் கல்யாணம். ஐந்நூறு முட்டை வேணும். வாடை இல்லாமத் தந்தா வருசம் முழுக்க ஒங்கிட்டதான் வாங்குவேன். அடிச்சுதுன்னா இந்த வாசலுக்கு வராத."

அவர் வாங்காவிட்டால் இருநூறு கோழி இட்ட முட்டையை ஆலந்தலையில் யார் தின்று தீர்ப்பது? கோழிகளைக் கறிக்கடைக்கு அனுப்பிவிட்டு, ஜெமியின் அண்ணன் தூத்துக்குடித் துறைமுகக் கிடங்கில் பேசி வைத்திருந்த காவல் வேலைக்குப் போக வேண்டியதுதான். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டைப் பார்க்கிற வேலை. "கேட்டுல பாக்கதுக்கு என்ன இருக்கு மேடம்?" என்று பர்னபாஸ் கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

கிண்ணத்தில் மிஞ்சிய வட்டிலப்பத்தை ஜெமி முகர்ந்தாள். வாடை இல்லை என்றாள். தெருவே முகர்ந்தது. ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் முகர்ந்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வேறு ஆளாக இருந்தால் காயல்பட்டினத்து அம்மாள் வீண்பழி போடுகிறாள் என்று ஊரைக் கூட்டியிருப்பார். பர்னபாஸ் இரண்டு நாள் யோசித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"பொறந்ததுல இருந்து நாங்க மீனுக்குள்ளயே கிடக்கோம். எங்க மூக்கு செத்துப் போச்சு மேடம். ஒங்க மூக்கு வேணும்."

"முட்டைய மோந்து பாக்கதுக்கா அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருது?" என்று கத்தினேன். மாட்டோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"திங்க வேண்டாம். மோந்தா போதும்" என்றார். அவித்த முட்டையைத் துணியில் சுற்றிச் சூடாறாமல் கொண்டுவந்திருந்தார். அவர் அதை இரண்டாகப் பிளந்ததும் துறைமுகமே என் மூக்குக்குள் வந்து இறங்கியது. குமட்டிக்கொண்டு நான் வெளியே ஓட, பின்னாலேயே நோட்டும் பேனாவுமாக வந்து, "நூத்துக்கு எத்தன மார்க் மேடம்?" என்று கேட்கிறார் மனுசன். கொலைகாரப் பாவி.

ஆனால் எனக்கும் அரிப்பு தொற்றிக்கொண்டது. அவர் வலையால் நான்கு அறை பிரித்தார். ஒன்றில் பழையபடி சாளைத் தலைத்தூள். ஒன்றில் அதையே அவித்தபின் பிழிந்து அரைத்தது. ஒன்றில் காரப்பொடி, அதாவது விலைபோகாத சின்னக் காரல் மீனைக் காயவைத்து அரைத்தது. நான்காவதில் மீனே இல்லை, புண்ணாக்கு மட்டும். முட்டையில் பென்சிலால் எண் போட்டுக் கொண்டுவருவார். எந்த எண் எந்த அறை என்பதை என்னிடம் சொல்லமாட்டார். நான் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முகர்ந்து மார்க் போடுவேன். ஒரு நாள் அவர் வரத் தாமதமானபோது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

மீனே இல்லாத முட்டை சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த அறைக் கோழிகள் பாதி நாள் முட்டையிடவில்லை, ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்றன. ஏதோ ஒரு சத்துக்கு அவை அலைகின்றன என்றார் டாக்டர். வேண்டுமானால் ஆட்டு ரத்தத் தூள் கலந்து பார்க்கலாம், வாடை வராது என்றார். பர்னபாஸ் முதலில் ரஹ்மத்துன்னிஸாவிடம் கேட்டார். "ரத்தம் எங்களுக்கு ஹராம். அதத் தின்ன கோழி முட்டைல கல்யாணப் பண்டம் செய்ய எனக்கு மனசு வராது" என்று அவர் சொல்லிவிட்டார். யாருக்கும் தெரியப்போவதில்லைதான். ஆனாலும் பர்னபாஸ் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

பிழிந்த சாளைக்கு வாடை பாதியாகக் குறைந்திருந்தது. காரப்பொடிக்கு ஏறக்குறைய இல்லை. ஏன் என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு மீனையும் தனித்தனிச் சட்டியில் அவித்துப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "சாளைச் சட்டில ஒரு விரல் கனத்துக்கு மீன் நெய் மிதக்கு. காரல்ல ஒண்ணுமே இல்ல. வாடை தூள்ல இல்ல மேடம், நெய்யில இருக்கு!" முத்தெடுத்தவன்கூட அப்படிச் சிரித்திருக்கமாட்டான்.

எல்லாக் கோழியையும் காரப்பொடிக்கு மாற்றினார், அதையும் அளவாக. பழைய வாடை கோழி உடம்பை விட்டுப் போக நாளாகும் என்றார் டாக்டர். பத்து நாள் முட்டையைத் தெருவுக்குச் சும்மா கொடுத்தார். அதற்குப் பிறகு இட்டதில் ஐந்நூறு சேர்ந்தது. கடைசியாக ஒரு தடவை நான் முகர்ந்து சொல்லிவிட்டால் காயல்பட்டினம் போய்விடலாம்.

அன்றைக்குப் பார்த்து எனக்குச் சளி. மூக்கு இரண்டும் அடைத்து, காபி வாசனைகூடத் தெரியவில்லை. முட்டையைப் பிளந்து நீட்டினார். நானும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. நல்லது கெட்டது தெரியாமல் நிற்பது இவ்வளவு பயமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "வாடை இல்லன்னு சொல்லிக் குடுத்துருங்க. இருக்காது" என்றேன்.

"இருக்காதுன்னு நம்ம நினைக்கோம் மேடம். தெரியாதுல்ல?" என்றார்.

ரஹ்மத்துன்னிஸாவிடமும் அதையேதான் சொன்னார். நான் அரைநாள் லீவு போட்டுக் கூடவே போயிருந்தேன். "மேடத்துக்குச் சளி. என் மூக்கு ஒதவாது. வாடை இல்லன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது லாத்தா. கொஞ்சம் செஞ்சு பாத்துட்டு மிச்சத்த எடுத்துக்கோங்க."

அந்த அம்மாள் ஐந்து முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெந்து வருகிறவரை பர்னபாஸ் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கிண்ணத்தோடு வந்த ரஹ்மத்துன்னிஸா ஆவி பறக்க முகர்ந்தார், ஒரு வாய் தின்றார், இன்னொரு வாய் தின்றார்.

"சுத்தமா இருக்கு. அவ்வளவையும் உள்ள கொண்டு வை. அடுத்த வாரத்துக்கும் வேணும்."

பஸ் நிறுத்தத்து நிழலில் நின்றதும் பர்னபாஸ் கேட்டார்.

"மேடம், மீன் தின்ன கோழிக்கே அப்படின்னா, எங்க மேலயும் வாடை அடிக்குமா?"

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். காலையில் அவர் பொய் சொல்ல மறுத்ததைப் பார்த்துவிட்டு என்னால் முடியவில்லை. "அடிக்கும். நீங்க படியேறும்போதே தெரியும்" என்றேன். சொல்லிவிட்டு என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கோபப்படவில்லை. சட்டைக் கையைத் தூக்கி மூக்கில் வைத்து நன்றாக இழுத்துப் பார்த்தார். மறுகையையும் பார்த்தார்.

"எனக்குத் தெரியலயே மேடம்" என்றார்.