எக்ஸ்பிரஸ் அக்காவின் பதினெட்டு நிமிடங்கள்

விரிப்பின் ஓரத்தைப் பிடித்து ஒரே உதறு. அது பாதி உயரத்துக்கு எழும்பி, கட்டிலின் நான்கு மூலைகளும் ஏற்கெனவே பழக்கம் என்பதுபோல வந்து படுக்கும். அது படுத்து முடிப்பதற்குள் தலையணைகள் இரண்டும் உறைக்குள் போயிருக்கும். "காலைத் தூக்குங்க சார்" என்பார். தூக்கிய காலை நான் இறக்குவதற்குள் தரை துடைத்தாகியிருக்கும்.

நான் ஒரு மாதமாகத் தங்கியிருக்கும் விடுதியில் மூன்றாம் மாடி அறைகளைச் சுத்தம் செய்பவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. கூட வேலை பார்க்கும் பெண்கள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ் அக்கா. அதில் பாதி பாராட்டு, பாதி புகார். ஒரு ஷிப்டுக்கு ஆளுக்குப் பதினான்கு அறைகள். ஓர் அறைக்கு மற்றவர்களுக்கு அரை மணி நேரம் பிடிக்கும், இவருக்குப் பதினெட்டு நிமிடம். மிச்ச நேரத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து, உழைப்பின் அருமையைப் பற்றிப் பேசுவார். கேட்க வேண்டியவர்கள் அப்போது உழைத்துக்கொண்டிருப்பார்கள்.

நிர்வாகம் மூன்று முறை இவரைச் சிறந்த ஊழியராக்கி, லிப்டுக்கு எதிரே படம் மாட்டியிருக்கிறது. தினமும் காலையில் அந்தப் படத்தின் கண்ணாடியை அவரே துடைக்கிறார்.

இவருடைய தம்பி மனைவியும் இதே மாடியில்தான் வேலை செய்கிறார். முட்டி வலிக்காரர், சங்கத்துக்கு ஆள் சேர்ப்பவர். இருவருக்கும் நடக்கும் பேச்சு தினமும் ஒன்றுதான்.

"எனக்குச் சங்கம் எதுக்குடி? என் ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?"

"உங்க கைக்கு என்ன அண்ணி, நல்லாத்தான் இருக்கு. அதைப் பாத்துப் பாத்து எங்க முட்டிதான் தேயுது."

வேகத்தின் ரகசியத்தை ஒருநாள் கேட்டேன். "எதைச் செய்யாம விடலாம்னு தெரியணும் சார். அதுலதான் இருக்கு எல்லாம்" என்றார். பணியாளர் அறைக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. அதன்படி ஓர் அறைக்கு முப்பத்தேழு வேலைகள். மெத்தையைத் திருப்பிப் போடு, திரைக்கம்பியின் மேல்பக்கம் துடை, இழுப்பறைகளைக் கழற்றித் தட்டு என்று போகிறது. எழுதியவர் ஓர் அறையையாவது பெருக்கிப் பார்த்தவராகத் தெரியவில்லை. மற்ற பெண்கள் அதில் பத்தை விட்டுவிடுகிறார்கள். உழைப்பின் பெருமை பேசும் அக்கா, இருபதை விட்டுவிடுகிறார்.

போன வாரம் நிர்வாகத்துக்கு ஒரு யோசனை வந்தது. அறைக்குப் பதினெட்டு நிமிடம் போதுமென்றால் பதினான்கு எதற்கு, இருபதாக்கலாமே? முடியாதவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். கையில் கடிகாரத்தோடு ஓர் இளைஞர் வந்து அக்காவின் வேலையை அளப்பார் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

"அண்ணி, உங்க பதினெட்டு நிமிஷத்துல நாங்க அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிடுவோம். கொஞ்சம் மெதுவா செய்யுங்களேன்."

"வேலையில நடிக்க எனக்கு வராதுடி."

வராதுதான். எல்லோரும் கெஞ்சியதால் ஒத்திகை பார்த்தார்கள். முக்கி முனகி மெதுவாகச் செய்ததில் பத்தொன்பது நிமிடம் ஆயிற்று.

அளப்பதற்கு என் அறையைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அக்கா வரும்போதே பணியாளர் அறைக் கதவிலிருந்த பட்டியலைக் கிழித்துக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, இதுல இருக்கிறபடிதானே செய்யணும்?"

"ஆமாம்மா. ரூல்படிதான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்" என்று இளைஞர் கடிகாரத்தை அழுத்தினார். பாவம், வேறு என்ன சொல்வார்?

அன்று அக்கா ஒரு நொடிகூட நடிக்கவில்லை. அவ்வளவு வேகமாக அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. நாற்காலி மேல் ஏறித் திரைக்கம்பியைத் துடைத்தார். ஆறு இழுப்பறைகளும் வெளியே வந்து உள்ளே போயின. "தம்பி, சும்மாதானே நிக்கிறீங்க? அந்த மூலையைப் பிடிங்க" என்று மெத்தையைத் திருப்ப அவரையே கூப்பிட்டார். முதுகுப் பக்கம் ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. முப்பத்தேழாவது வேலை முடிந்தபோது சரியாக ஒரு மணி நேரம். இளைஞர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு ஷிப்டுக்கு எட்டு அறைகள்.

அந்த எட்டை எடுத்துக்கொண்டு தம்பி மனைவி மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனார். பட்டியல்படி எட்டா, இல்லை சம்பளத்தை ஏற்றிப் பழையபடி பதினான்கா என்று கேட்டார். மாலைக்குள் சம்பளம் ஏறியது. மாடி முழுக்கச் சிரிப்பு. "பாத்தியா, உழைச்சா தன்னால ஏறும்" என்றார் அக்கா. சங்கத்தில் இன்னும் சேரவில்லை.

ஆனால் அன்று என் அறையில், கடிகாரம் நின்று, கணக்கும் எழுதி முடித்து, இளைஞர் வாசல் தாண்டிய பிறகு, அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஈரத் தரையில் இளைஞருடைய செருப்புத் தடம் வாசல்வரை வரிசையாகப் பதிந்திருந்தது. பட்டியலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, துடைப்பானை எடுத்து, "கொஞ்சம் இருங்க தம்பி, அந்தக் கடிகாரத்தை மறுபடி அமுக்குங்க" என்று குனிந்தார்.