அங்கப்பன் எழுதி வைக்காத பாகம்

அங்கப்பனைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. தாராபுரத்தில் முப்பத்தைந்து வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். "பாகத்தை எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்" என்று அவரிடம் எத்தனை முறை தலைதலையாய் அடித்துக்கொண்டிருப்பேன்! ஒவ்வொரு முறையும் அதே பதில்தான்.

"அண்ணங்கிட்டப் போயி பத்திரம் கேட்டா, அவரை நம்பலைன்னு ஆயிருமுங்க."

அந்த அண்ணன் நஞ்சப்பன். இருவருக்கும் கூட்டுப் பட்டாவில் எட்டு ஏக்கர். தொண்ணூற்று நான்கில் வாய்ப் பேச்சிலேயே பிரித்துக்கொண்டார்கள். மூத்தவன் கோடு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். நஞ்சப்பன் கயிறு பிடித்துக் கோடு போட்டார். மேற்கே கிணறும் கரிசலும், கிழக்கே வெறும் சரளைக்காடு. அங்கப்பன் எடுத்தது சரளைக்காட்டை.

"அண்ணன் புள்ளகுட்டிக்காரரு. கெணறு அங்கயே இருக்கட்டுமுங்க" என்றாராம். விவரம் கெட்ட மனுஷன்.

பிறகு முப்பது வருடம் அந்தச் சரளையில் உழைத்தார். மூன்று இடத்தில் போர் போட்டு, நான்காவதில்தான் தண்ணீர் கண்டார். இருநூற்றுப் பத்துத் தென்னை வைத்தார். வீடு கட்டினார். குழந்தை இல்லை. மனைவி கருப்பாத்தாள் போன பிறகு அந்த மரங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தார். மேற்கே கிணறு வற்றி, காடு விதைப்பில்லாத கரம்பானது. நஞ்சப்பனும் இறந்தார். அதற்கடுத்த வருடம் கிழக்கு எல்லையை ஒட்டி நான்குவழிச் சாலை வந்தது.

நஞ்சப்பனின் மகன் கிருபாசங்கர் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறான். சாலையோரத்தில் குடோன் கட்ட அவனுக்கு இடம் வேண்டியிருந்தது. பாகமே பிரியவில்லை, எட்டு ஏக்கரும் பொது என்று வழக்குப் போட்டான். பட்டாவும் அப்படித்தானே சொல்கிறது! போரும் தென்னையும் குடும்பத்துக்காகச் சித்தப்பா வைத்தவை என்றான்.

கயிறு பிடித்த அன்று கூட இருந்தவர்களில் உயிரோடிருந்தது ஒருவர்தான், கிருபாசங்கரின் தாய் ரங்கநாயகி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். பாகம் நடக்கவில்லை என்று நங்கையா கோர்ட்டுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

குறுக்கு விசாரணைக்கு அவர் கூண்டில் ஏறிய நாளில் நானும் போயிருந்தேன். அங்கப்பனின் வக்கீல் ஹாரிகா, வயதில் சின்னப் பெண். கெட்டிக்காரி.

"நாலு கேள்வி போதும் சார், உண்மை வந்துடும்" என்றாள் என்னிடம். நங்கையா கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஹாரிகா எழுந்ததும், பின்னாலிருந்து அங்கப்பன் ஓடிவந்து கும்பிட்டார்.

"வேண்டாமுங்க வக்கீலம்மா. எனக்குச் சோறு போட்ட கைங்க அது. நாலு பேத்துக்கு முன்னால பொய்யின்னு ஆக்க வேண்டாமுங்க."

ஹாரிகா கெஞ்சினாள், நான் வெளியே இழுத்துப்போய்க் கத்தினேன். மனுஷன் அசையவில்லை. கேள்வி கேட்காமல் விட்ட சாட்சியம் அப்படியே நின்றது, வழக்கில் அங்கப்பன் தோற்றார். அந்த விசாரணை நாளில் கோர்ட் வாசலில் நங்கையா அவரைப் பார்த்து, "சாப்புட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். "ஆச்சுங்க நங்கையா" என்றார் அங்கப்பன். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

போன சித்திரையில், எட்டு ஏக்கரையும் புதிதாகச் சரிபாதி ஆக்க அளக்க வந்தார்கள். இருவருக்கும் சாலை முகப்பு கிடைக்கும்படி, கிழக்கு மேற்காகக் கோடு போட்டார் கோர்ட் அனுப்பிய கமிஷனர். கோடு தென்னந்தோப்பை வகுந்துகொண்டு போனது. வடபாதியில் வீடும் பாதி மரங்களும், தென்பாதியில் போரும் மீதி மரங்களும். யாருக்கு எது என்று கமிஷனர் கேட்டார்.

கிருபாசங்கர் பணிவாகச் சொன்னான். "எங்க வழக்கப்படி சின்னவருதானுங்க மொதல்ல எடுக்கோணும். அப்பா கோடு போட்டப்பவும் அப்புடித்தானுங்க. நீங்களே எடுங்க சித்தப்பா."

அப்பா கோடு போட்டப்பவும்! அவன் தாய் கூண்டில் சொல்லாத உண்மை, இனி எதற்கும் உதவாத நாளில் அவன் வாயிலிருந்தே வருகிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

படுக்க ஓர் இடம் வேண்டுமே, அங்கப்பன் வீட்டுப் பாதியை எடுத்தார். போர் மோட்டார் அறைச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்.

"என் பக்கத்து மரத்துக்கு நான் கேக்கலீங்க கண்ணு. உங்க பக்கம் தெக்கு வரிசை எளமரம். அதுக்கு மொதல்ல தண்ணி உடுங்க."

"இல்லீங்க சித்தப்பா. குடோனுக்கு அத்தனையும் வெட்டறமுங்க. நாளைக்கு மிஷின் வருது."

அங்கப்பன் தோப்பைப் பார்த்தார். வழக்கு நடந்த அத்தனை வருடத்தில் அழாத மனுஷன், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொடுத்த சாவிக்கே மறுபடி கை நீட்டினார்.

"அப்ப இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் நான் தண்ணி உட்டுக்கட்டுங்களா?"