கை நனைத்துப் போன அமெரிக்கர்

உள்ளங்கையில் மக்னீசியத் தூளைப் பூசினால் முதலில் ஒரு குளிர்ச்சி, பிறகு நாக்கு வரைக்கும் ஏறும் ஒரு வறட்சி. நாங்கள் குடியேறிய ஊரின் சீசா என்ற பகுதியில், பஸ் திரும்பும் முடக்கில் இருந்த ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் என் பதின்மூன்றாம் வயது முழுவதும் அந்தத் தூளிலேயே கழிந்தது. பணக்காரர்கள் வாழும் லிபெர்த்தாத் தெருவில் ஒரு சின்யோராவின், அந்த ஊர்ச் சீமாட்டியின், வீட்டைத் துடைத்து முடித்துவிட்டு என்னைக் கூட்டிப்போக வரும் அம்மா, "கோயிலுக்குப் போகாமலே திருநீறோடை வாறாள்" என்பார். மாடிப்படியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கும் இந்த உடம்பு, அன்று நாலு விரல் அகலக் கட்டையில் பின்பக்கமாகக் கரணம் போட்டது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். என் மகளும் நம்புவதில்லை.

அந்த வசந்தத்தில் ஓர் அமெரிக்கர் வந்தார். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். ஐந்து வருடம் கழித்துத் தன் அணிக்கு வேண்டிய பெண்களை இப்போதே பிடித்துவைக்கப் புறப்பட்டவர். பின்னக் கணக்கில் தோற்றுக்கொண்டிருந்த எனக்குப் பல்கலைக்கழக இடம், படிப்பு முழுக்க இலவசம்! பதிலுக்கு அவர் அணிக்கே வருவதாக எங்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். என்ன படிப்பு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பேச்சுக்கு நடுவே அம்மாவை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். சேலையை ரசிக்கிறார் என்று நினைத்தோம். இந்த விளையாட்டுக்கு உயரம் ஆகாது; நான் எவ்வளவு உயரம் வளர்வேன் என்று மனிதர் கணக்குப் பார்த்திருக்கிறார். மாடு வாங்குகிறவர்கூடப் பல்லைப் பார்த்ததோடு விட்டுவிடுவார்.

கால்சாப் பகுதியில் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டுக்கும் வந்து, அம்மா சுட்ட தோசையில் மூன்றைக் கையாலேயே சாப்பிட்டார். அங்கேதான் எல்லாம் கெட்டது. எங்கள் ஆட்களில், பெண் பார்க்க வருகிறவர்கள் சம்மதம் இல்லையென்றால் அந்த வீட்டில் "கை நனைக்க" மாட்டார்கள். "மனிசன் கை நனைச்சிட்டார், இனி மாறமாட்டார்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம், வடக்கே மிலானோ நகரப் பக்கத்து விளையாட்டுப் பள்ளி ஒன்று, விடுதியோடு இடம் தருவதாகக் கையெழுத்திட்ட கடிதமே அனுப்பியது. எனக்குப் போக எவ்வளவு ஆசை! "ஒராளுக்கு வாக்குக் குடுத்திட்டு இன்னொராளோடை பேச்சுக்காலோ? நல்ல சனம் செய்யிற வேலையே?" என்று, கலியாணம் பேசுகிற கணக்கிலேயே அம்மா மறுத்துவிட்டார்.

பதினைந்தில் ஒரு சாண் வளர்ந்தேன். அதுதான் நான் செய்த குற்றம். அதுவரை நலம் விசாரித்து வந்துகொண்டிருந்த அமெரிக்கக் கடிதங்கள் நின்றன. எங்கள் கூடத்துப் பயிற்சியாளர் போன் போட்டு விசாரித்தார்: தோசை சாப்பிட்டவர் வேறு இடம் போய்விட்டாராம், புதியவருக்கு என் பெயரே தெரியாதாம், வாய்ச்சொல் பல்கலைக்கழகத்தைக் கட்டாதாம். "ஆள் மாறினால் வாக்கும் மாறுமோ?" என்று அம்மா அந்த ஊர்ப் பாஷையில் கேட்டதை அவர் போனில் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கவில்லை. மிலானோ விடுதியில் என் கட்டிலில் அதற்குள் வேறொருத்தி படுத்திருந்தாள். கடைக்குப் போனால், "என்ன அமெரிக்காக்காரி, இன்னும் சீசா பஸ்தானோ?" என்று எங்கள் சனமே கேட்டது.

பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் வாக்கு வாங்கித் திரிகிறவர்களைப் பற்றி நாகரிகமாக எழுத முயன்று தோற்றுவிட்டேன். எங்களை மட்டும் கட்டி, அவர்களைக் கட்டாத கயிற்றுக்கு வாக்கு என்று பெயர் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். தோசையை ஒப்பந்தம் என்று நம்பிய எங்களைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரிக்கிறேன். ஆனால் வெட்கப்படவேண்டியது தோசை சுட்டவர் இல்லை.

கூடம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. அது போனதில் எனக்குப் பெரிய துக்கமில்லை. போன கிழமை அம்மாவிடம், "ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாறன், அம்மா" என்றேன்.

"ஓம், ஓம். எழுதித் தா, பிள்ளை."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.