மடியில் வந்த காளான் பவளம்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, மறதியும் உண்டு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உட்கார்ந்திருந்த டவுன் பஸ்ஸில் சிம்மக்கல்லில் ஒருவர் ஏறினார். ஒல்லியான மனிதர், சட்டையெல்லாம் வியர்வை. உட்கார இடமில்லை. "அம்மாச்சி, இதக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீகளா?" என்று ஒரு தண்ணீர்ப் பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே ஒரு கல். அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ சுருங்கிக் கிடந்தது.

"என்னய்யா இது?"

"காளான் பவளம் அம்மாச்சி, கடல்ல இருக்குற உசுரு. வீட்டுல கண்ணாடித் தொட்டியில வளக்குறேன். செவப்பு, பச்சை, நீலம் எல்லாம் இருக்கு. இந்த நெறந்தான் இம்புட்டு நாளா சிக்கவே இல்ல."

"காளான்னா கொழம்பு வைக்கலாம்ல?" என்றாள் பக்கத்துச் சீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

"போன தடவ வாங்குனது விரியாமலே செத்துப்போச்சு. இதாச்சும் விரியணும்" என்றார் என்னிடம்.

பிரேக் போடும்போதெல்லாம் குனிந்து, "இந்தா வந்துட்டோம்" என்று அந்தப் பையிடம் சொல்வார். நான் வெயில் படாமல் முந்தானையால் அதை மூடிக்கொண்டேன்.

ஒத்தக்கடையில் நான் இறங்க வேண்டும். பையைக் கொடுத்துவிட்டு, "விரிஞ்சா எம்புட்டு இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒங்க உள்ளங்கை அம்புட்டு. ஒருநா வந்து பாருங்க அம்மாச்சி."

எந்த வீடு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. பஸ் திருவாதவூர்ப் பக்கம் போய்விட்டது. இப்போதும் சில நேரம் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவர் வீட்டை விசாரித்து, நான் சொன்னபடி நிறம் ஆரஞ்சுதானா என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். அது விரிந்ததா என்றும் கேளுங்கள்.