ரைட் பேக்கில் என் வீட்டுக்காரர்

கல்யாணமாகி நான் போர்ட் பிளேருக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். என் கணவர் துறைமுக ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஷாதிபூரில் தகரக் கூரை போட்ட மரவீடு. அக்கம்பக்கத்தில் வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், தீவிலேயே பிறந்து வளர்ந்த பழைய குடும்பங்கள். எங்கள் எல்லாரையும் பேசவைத்தது இந்தி. எல்லாரையும் சேர்த்து அழவைத்தது ஷாதிபூர் ஃபுட்பால் டீம்.

நான் தூத்துக்குடிக்காரி. நான்கு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவள். நான்கு பேரும் உப்பளத்துப் பக்கத்துப் பொட்டலில் பந்தாடியே வளர்ந்தார்கள். ஆள் குறைந்தால் என்னைத்தான் கோலில் நிறுத்துவார்கள். ஓர் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரிந்துவிடும். இதில் அடக்கம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

ஊரே மெயின்லேண்ட் கப்பலுக்குக் காத்திருக்கும். கடிதம் வரும், வெங்காயம் வரும், உருளைக்கிழங்கு வரும். நான் மட்டும் மேட்ச் உள்ள சனிக்கிழமைகளில் கப்பல் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வேன். டீமில் பாதிப்பேருக்குக் கப்பல் வந்து அணையும் ஜெட்டியில் வேலை. கப்பல் வந்தால் சரக்கு இறக்கப் போய்விடுவார்கள். அன்றைக்கு எங்களுக்காக மைதானத்தில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் தையல்காரரும் ரேஷன் கடையில் எடை போடுகிறவரும் நிற்பார்கள். ஒருமுறை, வேடிக்கை பார்க்க வந்த ஒருவரை வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டச் சொல்லி இறக்கிவிட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் கோலை நோக்கியே சந்தோஷமாகப் பந்தை ஓட்டிக்கொண்டு போனார்.

கப்பல் வராத நாட்களிலும் தோற்றோம். அதற்கு முக்கியக் காரணம் என் கணவர்.

அவர் ரைட் பேக், கோலுக்கு முன்னால் வலப்பக்கம் நின்று தடுக்கிற ஆள். தேக்குமரம் மாதிரி உடம்பு. பயம் என்பதே கிடையாது. ஆனால் திரும்புவதற்குள் விடிந்துவிடும். அதைவிடப் பெரிய குறை அவருடைய நல்ல மனசு. மழைச் சேற்றில் எதிராளி வழுக்கி விழுந்தால், பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் குனிந்து அவனைத் தூக்கிவிடுவார். எழுந்தவன் நன்றி சொல்லிவிட்டுப் போய் கோல் அடிப்பான்.

டாலிகஞ்ச் டீமோடு ஆடிய அன்று எங்களைக் கவிழ்த்தது அவர் திரும்பிய வேகம்தான். அவர்களுடைய லெஃப்ட் விங்கர் ஒல்லியான பையன். என் கணவரை அவன் கடந்துபோன விதம், தெருவில் நிற்கும் மாட்டைச் சைக்கிள்காரன் சுற்றிப் போவது போல இருந்தது. நான் குடையை மடக்கி ஆட்டிக்கொண்டு, கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்தினேன்.

"அவன் உள்ள வாரான், உள்ள! பராக்கு பாத்துக்கிட்டு நிக்கீயளே!"

பக்கத்து வீட்டு வங்காளி அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அரே, சுப் கரோ, சும்மா இரு! உன் ஆதமிதானே அது?"

"என் வீட்டுக்காரர்தான் தீதி. ஆனா தப்பான இடத்துல நிக்காரு" என்றேன்.

அன்றைக்கு ஐந்து கோல் வாங்கினோம். வீடு திரும்பும் வழியில் அவர் சட்டையைப் பிழிந்தபடியே, "கிரவுண்டு ரொம்ப ஈரம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை விட்டு முன்னால் நடந்தேன். ஈரம் அந்த ஒல்லிப் பையனுக்கும்தானே இருந்தது?

மறுநாள் காலை கேப்டன் வீட்டுக்கு நேராகப் போனேன். அவர் லாரி டிரைவர், தீவில் மூன்றாவது தலைமுறை. வாசலில் லாரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஆவோ பாபி, வாங்க அண்ணி, பாய் சாபுக்கு உடம்பு சரியில்லையா?" என்று இந்தியில் கேட்டார்.

"நல்லா இருக்காரு. அவரை ரைட் பேக்ல இருந்து எடுத்துருங்க" என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

துணி அவர் கையிலேயே நின்றது. "பாபி, அவர் என் தோஸ்த். எப்படிச் சொல்வேன்?"

"வெளியே அனுப்ப வேண்டாம். கோல்ல நிறுத்துங்க. நீளமான கை, பயம் கிடையாது, ஓடவும் வேண்டாம்."

கேப்டன் தலையைச் சொறிந்தார். அவர் தயங்கியது எதனால் என்று எனக்குத் தெரியும். எங்கள் கோல்கீப்பர் அவருடைய மனைவியின் தம்பி. மான்போல ஓடுவான், ஆனால் பந்து வேகமாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"மேரா சாலா ஹை, பாபி" என்று மெதுவாகச் சொன்னார். "வீட்டில் சோறு கிடைக்காது."

"நான் என் வீட்டு ஆளை எடுக்கச் சொல்லி வந்திருக்கேன். நீங்க உங்க வீட்டு ஆளை எடுங்க. அவனை முன்னால விங்ல விடுங்க, ஓடட்டும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "பாபி சொல்றது சரிதான். நானே அவனைப் பார்க்க முடியாமல் மைதானத்துக்கு வருவதை விட்டுவிட்டேன்" என்றாள். கேப்டனுக்கு வேறு வழி இல்லாமல் போனது.

விஷயம் ஒர்க்‌ஷாப்பில் பரவி என் கணவர் காதுக்குப் போக ஒரு பகல் போதுமானதாக இருந்தது. சாயங்காலம் வந்தார், செருப்பைக் கழற்றினார், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து தொடாமல் இருந்தார்.

"ஏட்டி, என்கிட்ட சொல்லிருக்கலாம்லா?"

"வருஷம் முழுக்க மைதானத்துல நின்னு தொண்டை கிழியச் சொன்னேனே, கேக்கலையா?"

"நீ எல்லாரையும் ஏசுதேன்னு நெனச்சேன்."

"எல்லாரையும்தான் ஏசுனேன். உங்களைக் கூடுதலா ஏசுனேன்."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் தேவைக்கு மேல் பேசவும் இல்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தவர், கொல்லைப்புறத் தென்னை இரண்டுக்கு நடுவில் போய் நின்று, "எங்க, எறி பாப்போம்" என்றார். வீட்டில் பந்து இல்லை. தேங்காய்களை எறிந்தேன். ஒன்றையும் கீழே விடவில்லை.

உடனே எல்லாம் மாறிவிட்டதென்று சொன்னால் பொய். அவர் கோலில் நின்ற முதல் ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் ஒரே கோல்தான். அடுத்த சனிக்கிழமை கப்பல் வந்து தொலைத்தது, ஏதோ பழுதென்று அவரையும் ஜெட்டிக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள், தையல்காரர் கோலில் நின்றார், அந்த ஸ்கோரைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. புரோத்ராபூர் டீமோடு ஆடியபோதுதான் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பந்து தண்ணீர் குடித்துக் கல் மாதிரி கனத்தது. நேராக வந்து விழுந்த ஓர் அடியை அவர் நெஞ்சில் வாங்கிப் பிடித்தபடி சேற்றில் சாய்ந்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்து பந்தை நீளமாக அடித்தார். கேப்டனின் மைத்துனன் அதைத் துரத்திக்கொண்டு ஓடினான். ஒருவரும் அவனைத் தொட முடியவில்லை. அவன் அடித்தது கம்பத்தில் பட்டு உள்ளே போனது.

அந்த வருஷம் நாங்கள் ஜெயித்த ஒரே ஆட்டம் அது. கேப்டனின் மனைவியும் நானும் நனைந்தபடி கட்டிப்பிடித்துக்கொண்டோம். என் கணவர் சேறும் சகதியுமாக நேரே என்னிடம் வந்து, "இப்ப சரியான இடத்துல நிக்கேனா?" என்று கேட்டார்.

"கார்னர் வரும்போது இன்னும் ஒரு அடி முன்னால நிக்கணும்" என்றேன்.

அடுத்த சீசன் தொடங்குமுன் டீம் கூட்டம் கேப்டன் வீட்டில் நடந்தது. என்னையும் அழைத்திருந்தார். ஸ்டோர் கீப்பர் ஒருவர், "லேடீஸுக்கு இங்க என்ன வேலை?" என்று முணுமுணுத்தார். நான் அவரையே பார்த்து, "நீங்க லெஃப்ட் ஹாஃப்தானே? உங்களைப் பத்தியும் கொஞ்சம் பேசணும்" என்றேன். கூட்டம் சிரித்தது. கேப்டன் எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நான் உட்கார்ந்து பேசத் தொடங்கினேன்.