நரெல் கழற்றாமல் போன பூட்டு

நரெல் ஸெர்னருக்கு நாற்பத்து நான்கு வயது. வாரம்பா ஊரில் அவளுடைய வெள்ளை யூட் வண்டியைத் தெரியாதவர்கள் இல்லை. பின்தட்டில் வெல்டிங் மெஷின், இரண்டு கேஸ் சிலிண்டர், வெல்டிங் ராடுகளை ஈரம் படாமல் சூடாக வைக்கும் சின்ன அடுப்பு, எல்லாம் அதனதன் இடத்தில் பட்டை போட்டுக் கட்டியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் இரும்பைத் தேய்க்கிற கிரைண்டர் கைக்கு வரும். நிலக்கரிச் சுரங்கத்தில் வீடளவு பெரிய இயந்திரம் விரிசல் விட்டால் அதைப் பட்டறைக்கு இழுத்துப் போக முடியாது. பட்டறைதான் அதைத் தேடிப் போக வேண்டும். அப்படிப் போகிற பட்டறை அவள்.

பதினாறு வயதில், அப்பாவின் சோளக் காட்டில் உடைந்த கலப்பையை ஒட்டவைத்ததில் அது தொடங்கியது. ஒட்டியது மறுநாளே விட்டுப்போனது. ஏன் விட்டது என்று மூன்று நாள் அதன் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு மூத்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பொறுமை வேறு ஒருவருக்கும் வாய்க்கவில்லை. நான்கு ஆண்டுப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய வருடம், வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். செய்முறைத் தேர்வில் முதல் இடமும் அவளுக்குத்தான்.

ஆனால் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வேறொரு சுரங்கத்தில் அவள் பேர் கெட்டது. அவள் வெல்டிங் முடித்த இயந்திரத்தை, சூடு ஆறுவதற்குள் வேலைக்கு இறக்கிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் அதே இடத்தில் விரிசல். விசாரணை அறிக்கையில் "வெல்டிங் குறை" என்று எழுதி, பக்கத்தில் அவள் பெயரைப் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மெஷினை ஓட்டினார்கள் என்பது எங்கும் எழுதப்படவில்லை. அதற்குப் பிறகு பதினான்கு மாதம் எந்தச் சுரங்கத்தின் கேட்டும் அவளுக்குத் திறக்கவில்லை. பண்ணைகளில் மாட்டுப் பட்டிக் கம்பிகளையும் டிராக்டர் வாளிகளையும் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரியில்தான் மேற்குக் குழி என்ற சுரங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். பதினோரு நாள் வேலை. இதில் பேர் நிலைத்தால் அவள் மறுபடியும் சுரங்க வெல்டர். இல்லையென்றால் மாட்டுப் பட்டிதான்.

முந்நூற்று அறுபது டன் எக்ஸ்கவேட்டர், மண்ணை அள்ளி டிரக்கில் கொட்டுகிற இயந்திரம். அதன் பூமில், அதாவது வாளியைத் தாங்குகிற பெரிய கையில், ஒரு மீட்டர் பதினான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு விரிசல். நரெல் விரிசலின் இரண்டு முனையிலும் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தினாள். கரிக்கம்பியால் எரித்து அடிவரை தோண்டினாள். இரும்பை நூற்றைம்பது டிகிரிக்குச் சூடாக்கினாள். அந்தச் சூடு ஒரு நிமிடம்கூட இறங்காமல் பார்த்துக்கொண்டு, அடுக்கடுக்காக நிரப்பினாள். வெளியே வெயில் நாற்பத்தொன்று. காற்றுப் படாமல் கட்டிய தார்ப்பாய்க்குள்ளே அவள், தோல் சட்டையோடு.

நெருப்புக் காவலுக்குத் தண்ணீர்க் குழாயோடு நின்றவன் ஹேமி. அந்த மெஷினை ஓட்டுகிறவன், நியூசிலாந்தின் மாவோரி இனத்தவன், நல்ல பெரிய உடம்பு.

"சிஸ், உள்ள உயிரோட இருக்கியா, வெந்துட்டியா?"

"பாதி வெந்திருக்கேன். திருப்பிப் போடு."

"சாஸ் கொண்டாரட்டா?"

பதினோராம் நாள், பதினொன்று ஐம்பதுக்குக் கடைசி அடுக்கு முடிந்தது. வெல்டைச் சுற்றி வெப்பம் தாங்கும் போர்வைகளை மூன்று மடிப்பாகச் சுற்றிக் கம்பியால் கட்டினாள். வேலைத் தாளின் தலைப்பிலேயே முதல் நாள் அவள் எழுதியிருந்தாள்: கடைசி அடுக்குக்குப் பிறகு ஆறு மணி நேரம் போர்வைக்குள் ஆறவேண்டும். அதாவது மாலை ஐந்து ஐம்பது. அதற்குப் பிறகுதான் சோதனை, அதற்குப் பிறகுதான் மெஷின்.

சோதனைக்கு வேண்டிய சாயக் குப்பிகள் ஊரில், பார்சல் ஆபீசுக்கு வந்து கிடந்தன. அறுபத்திரண்டு கிலோமீட்டர். போய்விட்டு நான்கு மணிக்குள் வந்துவிடலாம்.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினில் கை வைக்கிற ஒவ்வொருவரும் அதன் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போடவேண்டும். பூட்டில் அவருடைய பெயரும் போட்டோவும் தொங்கும். சாவி அவரிடம் மட்டும் இருக்கும். பூட்டு இருக்கிறது என்றால் உள்ளே ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். யாரும் மெஷினைத் தொடக்கூடாது. சுரங்கத்தை விட்டு வெளியே போகும்போது தன் பூட்டைக் கழற்றிவிட்டு, "ஓட்டாதே" என்ற மஞ்சள் அட்டையை மாட்டிவிட்டுப் போகவேண்டும். அட்டையைச் சூப்பர்வைசர் எடுக்கலாம். பூட்டை எடுக்க முடியாது.

நரெல் மஞ்சள் அட்டையில் பெயர், நேரம் எல்லாம் எழுதி முடித்தபோது சூப்பர்வைசர் கார்த் மெல்ரோஸின் வண்டி வந்து நின்றது. அவன் கெட்டவன் இல்லை. ஏழு டிரக்குகள் பதினோரு நாளாக வரிசையாக நிற்க, அரை மணிக்கு ஒரு தடவை மேலிடத்துப் போனை எடுத்து எடுத்து அவன் காது சிவந்துபோயிருந்தது.

"முடிஞ்சிருச்சில்ல? ரெண்டு மணிக்கு எடுத்துக்கறேன்."

"அஞ்சு அம்பது, கார்த்."

"ஆபீஸ்ல ரெண்டு மணி நேரம் போதும்ங்கிறாங்க."

"ஆபீஸ்ல யாரு வெல்டிங் பண்ணது?"

"பேச்ச விடு. மேல உள்ளவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"தாள்ல ஆறுன்னு எழுதியிருக்கு. நீ கையெழுத்துப் போட்டிருக்க."

"நான் தினமும் நூறு தாள்ல கையெழுத்துப் போடுறேன்."

பத்து நிமிடம் அப்படியே போனது. கடைசியில் அவன் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். நரெல் பல்லைக் கடித்துக்கொண்டு யூட்டில் ஏறினாள். கோபம் ஆறுவதற்கே இருபது கிலோமீட்டர் ஆயிற்று.

ரோடுஹவுஸ் என்கிற சாலையோரச் சாப்பாட்டுக் கடை அருகில் சிக்னல் கிடைக்கும் மேட்டில் போன் அடித்தது. ஓரம்கட்டி எடுத்தாள். மணி ஒன்று ஐந்து.

"ரெல், நீ எங்க இருக்க?" கார்த்தின் குரல்.

"ரோட்டுல. ஏன்?"

"உன் பூட்டு இங்க தொங்குது."

நரெல் சட்டைப் பையில் கை வைத்தாள். மஞ்சள் அட்டை, நேரம் எழுதியபடியே, உள்ளே இருந்தது. சாவி பேண்ட் பையில். பேசிக்கொண்டே அட்டையைப் பையில் போட்டுவிட்டு வண்டி ஏறியிருக்கிறாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. வெளி ஆள் பூட்டை விட்டுவிட்டுப் போனால் கேட் கார்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"கேளு," என்றான் கார்த், குரலைத் தாழ்த்தி. "உள்ள ஆள் இல்ல, சாமான் இல்லன்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லு. நான் சாட்சி ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து பூட்ட வெட்டிடறேன். எதையும் எழுத வேணாம். உன் கார்டு உங்கிட்டயே இருக்கும்."

"வெட்டுனா?"

"வெட்டுனா ரெண்டு மணிக்கு மெஷின் ஓடும்."

எதிரில் மூன்று பெட்டி மாட்டு லாரி ஒன்று கடந்து போனது, யூட் ஆடியது. ஆள் இல்லை, சாமான் இல்லை என்பது உண்மைதான். அந்த ஒரு வாக்கியத்தில் பொய்யே இல்லை. சொன்னால் பதினான்கு மாதம் திரும்பி வராது. ஒன்பது நாளோ இருபது நாளோ கழித்து பூம் பிளந்தால், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அந்த நினைப்பு வந்தது; வரவில்லை என்று சொன்னால் அது பொய். பிறகு போர்வைக்குள் இருக்கும் இரும்பை நினைத்தாள். இந்நேரம் நூற்றிருபது டிகிரி இருக்கும். அந்த வாளி ஒரு தடவை அள்ளினால் நாற்பது டன்.

"சொல்ல மாட்டேன், கார்த். பூட்டுக்காரி திரும்பி வரேன்."

"வந்தா எழுதத்தான் வேணும்."

"எழுது."

இரண்டு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் குழிக்குள் திரும்பி இறங்கினாள். கேட்டிலேயே வேறொரு பட்டறைக்காரனுக்குப் போன் போட்டுச் சாயக் குப்பிகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். மெஷினின் ஏணியடியில் ஹேமி உட்கார்ந்திருந்தான். இறைச்சி அடைத்த ரொட்டியில் பாதியைத் தின்றிருந்தான், மீதியை அவளிடம் நீட்டினான்.

"சிஸ், நல்ல வேலை பண்ண. வேணும்னுதான் பூட்டி வச்சேன்னு சொல்லு. வெல்டைக் காப்பாத்துனவளேன்னு கைதட்டுவாங்க."

"மறந்துதானே போனேன்."

"அத யாரு பாத்தா?"

"வேணும்னு பூட்டுனேன்னு இன்னிக்கு நான் சொன்னா, நாளைக்கு கோவம் வந்தவன் எல்லாம் பூட்டிட்டுப் போவான். அப்புறம் ஒரு பூட்டு தொங்குனா உள்ள ஆள் இருக்கா, சண்டை இருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்? நீதானே சாவியத் திருகுற ஆளு."

ஹேமி கையை நீட்டினான். "ரொட்டியத் திருப்பிக் குடு," என்றான். "உனக்குப் போய்க் குடுத்தேன் பாரு."

ஐந்து ஐம்பது வரை அவள் அந்த ஏணியடியிலேயே இருந்தாள். கார்த் மூன்று முறை வந்தான். மூன்றாவது முறை வாயைத் திறக்காமல் போர்வையைப் பார்த்துவிட்டுப் போனான். நேரம் ஆனதும் போர்வையைப் பிரித்தாள், நாற்பத்தாறு டிகிரி. கிரைண்டர் போட்டு மழித்தாள். சிவப்புச் சாயத்தை அடித்து, இருபது நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளையை மேலே அடித்தாள். எங்காவது முடியளவு பிளவு இருந்தாலும் வெள்ளையில் சிவப்புக் கோடு கசியும். கார்த் குனிந்து நின்றான். ஹேமி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஒரு மீட்டர் பதினான்கு சென்டிமீட்டரும் வெள்ளையாகவே இருந்தது.

நரெல் போய்த் தன் பூட்டைக் கழற்றினாள். பிறகு ஆபீசில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். காரணம் என்ற கட்டத்தில், "சூப்பர்வைசரோடு ஆறும் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பூட்டைக் கழற்ற மறந்தேன்" என்று தெளிவான கையெழுத்தில் எழுதினாள்.

கார்த் படித்தான். "முதல் வரி வேணுமா?"

"அதுதானே நடந்துச்சு."

அவன் பேனாவை எடுத்தான். பிறகு கீழே தன் கட்டத்தில், இரண்டு மணிக்கு மெஷினைக் கேட்டது தான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கையை நீட்டினான். அவள் கார்டைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

இருபத்தெட்டு நாள் தடை, பிறகு ஒரு நாள் மறுபயிற்சி என்று மேலிடம் முடிவு செய்தது. வெல்டர் கையெழுத்துப் போடாமல் போர்வை பிரிக்கக் கூடாது என்று வேலைத் தாளில் புதிதாக ஒரு கட்டமும் சேர்த்தார்கள். அந்த இருபத்தெட்டு நாளும் நரெல் பண்ணைகளில்தான் இருந்தாள். விரிசல் இல்லை என்று சொல்ல, ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் ஹேமியிடமிருந்து போனில் ஒரே சொல் வரும்: "வெள்ளை." கடைசி வாரம் அவன் அலுத்துப்போய் கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பினான்.

முப்பதாம் நாள் கார்த் கூப்பிட்டான்.

"ரெண்டாவது மெஷின்ல, வாளிய மாட்டுற காதுகிட்ட விரிசல். திங்கக்கிழமை வரியா?"

"கார்டு?"

"கேட்ல குடுத்து வச்சிருக்கேன். ஆறுற நேரம் எட்டு மணின்னு தாள்ல நானே போட்டுட்டேன்."

"அந்த இடத்துக்கு அஞ்சு போதும், கார்த்."

"நீ வந்து அடிச்சு எழுது," என்றான் அவன். "நான் இனிமே வாயத் திறக்கல."